தனியாக வருபவருக்கு ஓர் இருக்கை: ஓட்டல் பாரும் பிஸ்ட்ரோவும்

வியன்னாவின் மையத்தில், கேர்ன்ட்னர் தெருவை ஒட்டிய குறுகிய சந்தில், 1908இல் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ் ஒரு சிறிய மதுக்கூடத்தை வடிவமைத்தார். அமெரிக்கன் பார் என்று அதற்குப் பெயர்; இன்று லூஸ் பார் என்றே பலரும் சொல்கிறார்கள். மொத்தப் பரப்பு சுமார் 27 சதுர மீட்டர், அதாவது 300 சதுர அடிக்கும் குறைவு. ஆனால் உள்ளே நுழைபவருக்கு அறை அவ்வளவு சிறியதாகத் தெரிவதில்லை. சுவரின் கீழ்ப்பகுதி மகோகனிப் பலகை. உட்கார்ந்தாலும் நின்றாலும் கண்ணுக்கு எதிரே மரம்தான் நிற்கும். அதற்கு மேலே, கூரையைத் தொடும்வரை கண்ணாடி. கட்டங்கட்டமாகச் சலவைக்கல் பதித்த கூரை அந்தக் கண்ணாடிகளில் விழுந்து, மரத்தடுப்புக்கு அப்பாலும் அறை நீண்டுகொண்டே போவதாகக் காட்டுகிறது. கண்ணாடி கண்மட்டத்துக்கு மேலே தொடங்குவதால் வந்தவர் தன் முகத்தை அதில் பார்ப்பதில்லை. கூரை பெருகுகிறது, கூட்டம் பெருகுவதில்லை.

ஓட்டல் பாரைப் பற்றிய கட்டுரையை ஓட்டலுக்குள் இல்லாத ஓர் அறையிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. பிற்காலத்து ஓட்டல் பார்கள் திரும்பத் திரும்பத் தேடிய விடை அந்த அறையில் ஏற்கெனவே இருந்தது. நெருக்கமாக இருக்க வேண்டும், அடைபட்டதாக இருக்கக் கூடாது. பொது இடமாக இருக்க வேண்டும், தனியாக உட்கார்ந்திருப்பவர் காட்சிப் பொருளாகிவிடக் கூடாது. இந்த இரட்டைத் தேவையை லூஸ் தீர்த்தது விலையுயர்ந்த கல்லால் அல்ல, கண்ணாடி எந்த உயரத்தில் தொடங்க வேண்டும் என்ற ஒரே முடிவால்.

ஓட்டல் பாரும் பிஸ்ட்ரோவும் மற்ற உணவகங்களிலிருந்து வேறுபடுவது இங்கேதான். குடும்பத்தோடும் நண்பர்களோடும் போகும் உணவகத்தில் நம்மோடு வந்தவர்களே நமக்குத் துணை. அறை சுமாராக இருந்தாலும் பேச்சு அதை மறைத்துவிடும். ஓட்டலில் தங்குபவர்களில் பலர் தனியாக வந்தவர்கள். வேலைக்காக, மருத்துவத்துக்காக, வழக்குக்காக, துக்கத்துக்காக. அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட மனமில்லாமல் கீழே இறங்கி வருகிறார்கள். வாசலில் நின்று ஒரு கணம் உள்ளே பார்க்கிறார்கள். எங்கே உட்காருவது, யாரைப் பார்த்துக்கொண்டு உட்காருவது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதற்கெல்லாம் அறை அந்தக் கணத்திலேயே பதில் சொல்ல வேண்டும். நான் பார்த்த அளவில், நல்ல பாருக்கும் ஆடம்பரமான பாருக்கும் உள்ள வேறுபாடு இந்தப் பதிலில்தான் இருக்கிறது. ஆனால் உள்ளலங்காரம் குறித்த எழுத்துகளில் பெரும்பகுதி வண்ணம், பாணி, விளக்குக் கொத்து, இத்தாலியச் சலவைக்கல் என்றே நின்றுவிடுகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய ஓட்டல்கள் அமெரிக்கப் பயணிகளைக் கவர 'அமெரிக்கன் பார்' திறக்கத் தொடங்கின. கலவை மதுக்களைக் கண்ணெதிரே கலந்து கொடுக்கும் கவுண்டர் அதன் அடையாளம். லண்டனில் 1889இல் திறக்கப்பட்ட சவாய் ஓட்டலின் அமெரிக்கன் பார் அவற்றில் புகழ்பெற்றது. 1903 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதன் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர் எய்டா கோல்மன் என்ற பெண். அமெரிக்காவில் 1920இல் மதுவிலக்கு வந்தபோது அங்கிருந்து லண்டன் வந்த ஹாரி கிரேடக் பின்னர் அதே கவுண்டரில் தலைமைப் பொறுப்பேற்று, 1930இல் வெளியிட்ட கலவைக் குறிப்புப் புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது. கவுண்டர் இங்கே வெறும் பரிமாறும் பலகையாக இல்லை, மேடையாகிவிட்டது. பார்டெண்டரின் கைகள்தான் நிகழ்ச்சி. தனியாக வந்தவருக்குப் பார்க்க ஏதோ ஒன்று கிடைத்தது. பார் கவுண்டர் என்ற அமைப்பு நூறாண்டுக்கு மேல் மாறாமல் நிற்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

பிஸ்ட்ரோவின் பிறப்பு வேறு. பிரான்சின் நடுமலைப் பகுதியான ஓவெர்னிலிருந்து பாரிஸுக்குப் பிழைக்க வந்தவர்கள் கரி விற்றார்கள். கரிக்கடையின் ஒரு மூலையில் ஒயினும் விற்றார்கள். பிறகு மனைவி சமைத்த சாப்பாடும் அதோடு சேர்ந்தது. அந்தச் சிறு கடைகளிலிருந்து வளர்ந்த உணவகங்களே பிஸ்ட்ரோக்களில் பல. அங்கே இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் சிக்கனமான காரணம் உண்டு. துடைக்க எளிது என்பதால் உலோகத் தகடு பதித்த கவுண்டர். கழுவ எளிது என்பதால் ஓட்டுத்தரை. இடம் மிச்சம் என்பதால் சுவரோடு ஒட்டிய நீள இருக்கை. அந்த இருக்கையின் பின்னால் கண்ணாடி பதித்ததற்கும் பயன் உண்டு. சுவர்ப் பக்க இருக்கையில் உட்கார்ந்தவர் முழு அறையையும் பார்ப்பார். எதிரே உட்கார்ந்தவருக்குச் சுவர்தான் தெரியும். கண்ணாடி வைத்தால் அவருக்கும் அறை கிடைக்கும். லூஸ் கண்ணாடியைக் கண்மட்டத்துக்கு மேலே தூக்கினார், பிஸ்ட்ரோக்காரர்கள் கண்மட்டத்திலேயே வைத்தார்கள். இரண்டுமே சரி. ஒன்று குடித்துக்கொண்டு தனித்திருக்க வந்தவருக்கு, மற்றது சாப்பிட்டுக்கொண்டு ஊரைப் பார்க்க வந்தவருக்கு.

பிஸ்ட்ரோ நாற்காலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மிக்கேல் தோனெட் 1859இல் வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலி, நீராவியில் வளைத்த பீச் மரத்தால் ஆனது. ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள், அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். கப்பலேற்றுவது எளிது என்பதால் அது உலகம் முழுக்கப் போனது. பம்பாயின் இரானித் தேநீர்க் கடைகளில் சலவைக்கல் மேசைகளைச் சுற்றிப் போடப்பட்ட வளைமர நாற்காலிகள் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த இரானிக் கடையும் பாரிஸ் பிஸ்ட்ரோவும் உறவினர்கள் என்றே நான் கருதுகிறேன். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர் நடத்திய கடை, சுவரில் கண்ணாடி, கல் மேசை, நீண்ட நேரம் உட்கார்ந்தாலும் யாரும் விரட்டாத பொறுமை எல்லாம் இரண்டுக்கும் பொது. இன்று ஓட்டல்களில் ஏழைப் பிஸ்ட்ரோவின் தோற்றத்தை ஏராளமான பணம் செலவழித்து உருவாக்குகிறார்கள். நியூயார்க்கில் கீத் மெக்நாலி 1997இல் திறந்த பால்தசார் உணவகம், பழமையேறியதுபோன்ற கண்ணாடிகளும் சிவப்பு இருக்கைகளுமாகப் பாரிஸைப் பெயர்த்துக் கொண்டுவந்தது. அதன் வெற்றிக்குப் பிறகு அந்தத் தோற்றம் உலகெங்கும் ஓட்டல்களின் தரைத்தளத்துக்குப் பரவியது. புகைபிடித்தல் தடை வந்த பிறகு (அயர்லாந்தில் 2004, இங்கிலாந்தில் 2007, பிரெஞ்சு உணவகங்களிலும் இந்தியாவின் பொது இடங்களிலும் 2008) சுவரில் புகையே படியாத காலத்தில், புகை படிந்த மஞ்சளை வண்ணமாகப் பூசுகிறார்கள். காரணத்தை விட்டுவிட்டுக் கறையை மட்டும் எடுத்துக்கொள்ளும் இந்த வேலையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சுவரோடு ஒட்டிய இருக்கையையும் சிறிய மேசையையும் எடுத்துக்கொண்டவர்கள் சரியானதைத்தான் எடுத்தார்கள்.

ஓட்டல்கள் பாரையும் பிஸ்ட்ரோவையும் கட்டடத்தின் முன்வாசலுக்கே கொண்டுவந்தது 1980களில். அதற்கு முன் பெரும்பாலும் வெள்ளைத் துணி விரித்த பெரிய சாப்பாட்டுக் கூடம் ஒரு பக்கம், மங்கலான பார் ஒரு மூலை, நடுவே சாவி வாங்கும் லாபி என்று தனித்தனியாக இருந்தன. நியூயார்க்கில் இரவு விடுதி நடத்திய அனுபவத்தோடு ஓட்டல் தொழிலுக்கு வந்த இயன் ஷ்ரேகர், 1984இல் ஆந்த்ரே புட்மன் வடிவமைத்த மார்கன்ஸ் ஓட்டலைத் திறந்தார். 1988இல் ஃபிலிப் ஸ்டார்க்கைக் கொண்டு ராயல்டன் ஓட்டலை மாற்றியமைத்தார். ராயல்டனில் லாபியே கூடுமிடமானது. அறை எடுக்காதவர்களும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். 2009இல் திறந்த நியூயார்க் ஏஸ் ஓட்டல், ரோமன் அண்ட் வில்லியம்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பில், லாபியின் நடுவே நீளமான பொது மேசையைப் போட்டது. மடிக்கணினியோடு ஒரு காபிக்குப் பகலெல்லாம் உட்காரலாம். மாலையானால் அதே மேசையில் மது வரும். ஒரே அறை காலையில் சிற்றுண்டிக் கூடமாகவும் மதியம் பணியிடமாகவும் இரவில் பாராகவும் இருக்க வேண்டும் என்ற இன்றைய நெருக்கடி இங்கே வலுப்பெற்றது. ஓட்டல் பிஸ்ட்ரோவை வடிவமைப்பவரின் கடினமான வேலை இதுதான். காலை இட்லி, முட்டை, பழரசம் வைத்த பஃபே மேசை மாலையில் எங்கே மறையும்? சக்கரம் வைத்ததா, மடங்குவதா, மேலே கல் மூடியிட்டுப் பார் கவுண்டரின் நீட்சியாகிவிடுவதா? வரைபடத்தில் இதற்கு விடை இல்லாத இடங்களில், மாலை ஏழு மணிக்கும் காலையின் எஃகுப் பாத்திரங்கள் துணி போர்த்திக் கிடக்கும்.

இப்போது கவுண்டருக்கு வருவோம். அறையின் மற்ற எல்லாப் பகுதிகளையும்விட இங்கே சில சென்டிமீட்டர்கள் அதிகம் பேசுகின்றன. கவுண்டரின் மேற்பரப்பு தரையிலிருந்து ஏறக்குறைய 105 முதல் 110 சென்டிமீட்டர். ஸ்டூலின் இருக்கை 75 முதல் 80. இடையே முழங்காலுக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர் கிடைக்க வேண்டும்; குறைந்தால் தொடை இடிக்கும், கூடினால் தோள் தூக்கும். அடுத்தடுத்த ஸ்டூல்களின் மையத்துக்கு மையம் 60 சென்டிமீட்டராவது வேண்டும். காலை ஊன்றப் பித்தளைக் குழாய், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். இது இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் தொங்கி, கால் மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். கவுண்டரின் விளிம்பு உருண்டு, மணிக்கட்டை வெட்டாமல் இருக்க வேண்டும். முழங்கை படும் இடத்தில் குளிர்ந்த கல்லைவிட மரமோ தோலோ நல்லது. பையை மாட்டக் கவுண்டருக்கு அடியில் ஒரு கொக்கி. சின்னப் பொருள்தான். ஆனால் தனியாக வந்த பெண் தன் கைப்பையைத் தரையில் வைப்பதா, மடியில் வைப்பதா, பக்கத்து ஸ்டூலில் வைத்து யாராவது கேட்டால் எடுப்பதா என்ற சங்கடத்தை அது தீர்த்துவிடும்.

கவுண்டரின் வடிவமும் முக்கியம். நேர்கோட்டுக் கவுண்டரில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் புட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமானால் உடலைத் திருப்ப வேண்டும். திருப்புவது ஓர் அறிவிப்பாகிவிடும். கவுண்டர் ஓரிடத்தில் மடங்கினால், மூலையின் இருபுறமும் உள்ளவர்கள் இயல்பாகவே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். விரும்பினால் பேசலாம், இல்லாவிட்டால் புட்டிகள் இருக்கின்றன.

கவுண்டருக்குப் பின்னால் நடப்பதைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. அங்கே ஒருவர் எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் நிற்கிறார். அவருடைய வேலைப்பலகை கவுண்டரைவிடத் தாழ்வாக, ஏறத்தாழ 85 முதல் 90 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். ஐஸ் தொட்டி, அடிக்கடி எடுக்கும் புட்டிகளை வரிசையாக நிறுத்தும் எஃகுத் தட்டு, கைகழுவும் தொட்டி, குப்பைக் கூடை எல்லாம் ஓரடி எடுத்து வைக்காமலே இரு கைகளுக்கும் எட்ட வேண்டும். பின்னால் புட்டி அலமாரிக்கும் வேலைப்பலகைக்கும் இடையே ஒரு மீட்டர் அளவில் இடம் வேண்டும். குறைந்தால் இரண்டு பேர் முதுகோடு முதுகு உரசுவார்கள், கூடினால் ஒவ்வொரு கோப்பைக்கும் இரண்டடி கூடுதலாக நடப்பார்கள். ஓர் இரவில் அந்த இரண்டடிகள் நெடுந்தூரமாகும். சில நல்ல பார்களில் கவுண்டருக்குப் பின்னால் உள்ள தரையைச் சற்றுத் தாழ்த்தியிருப்பார்கள். நிற்பவரின் கண்ணும் உட்கார்ந்தவரின் கண்ணும் அப்போது நெருங்கி வரும். மேலிருந்து கீழே பார்த்துப் பேசுவது போய், எதிரெதிரே பேசுவதாகும். இந்த ஒரு முடிவைக் கட்டடம் எழும்பும்போதே எடுக்க வேண்டும், பிறகு முடியாது. ஆகவே பார்டெண்டரை வேலைக்கு எடுத்த பிறகு கவுண்டரை வடிவமைப்பதும் இயலாது. வடிவமைப்பாளர் கண்டிப்பாக அந்த வேலையை அறிந்த ஒருவரை வரைபட மேசைக்கே அழைத்து உட்காரவைக்க வேண்டும். அழைக்காத இடங்களை ஒரு பார்வையிலேயே கண்டுபிடிக்கலாம். ஐஸ் இயந்திரம் சமையலறையின் மறுமுனையில் இருக்கும். வாளியோடு ஒருவர் விருந்தினர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பார்.

ஒளியைப் பற்றி ஒரே விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: முகம் நன்றாகத் தெரிய வேண்டும். கூரையிலிருந்து நேர்கீழாக விழும் வெளிச்சம் கண்குழியில் நிழலைப் போட்டு, இருபது வயதுக்காரரையும் களைத்தவராக்கும். கண்மட்டத்தில் சுவர் விளக்கும் மேசை மேல் சிறு விளக்கும் இருந்தால் முகம் மென்மையாகும். நிறம் 2700 கெல்வின் அளவில் மஞ்சள் சாய்ந்திருக்க வேண்டும். வீட்டு டியூப்லைட்டின் 6500 கெல்வின் வெண்ணீலம் அலுவலகத்துக்கும் கடைக்கும் சரி. பழைய குண்டு பல்பை மங்கவைத்தால் அதன் நிறம் மேலும் சிவந்துகொண்டே போகும், விளக்குத் திரியைத் தாழ்த்தியதுபோல. இன்றைய எல்இடியைச் சாதாரண முறையில் மங்கவைத்தால் அளவு குறையுமே தவிர நிறம் மாறாது. அறை இதமாவதற்குப் பதில் சாம்பலாகிவிடும். மங்கும்போது நிறமும் மாறும் தனிவகை எல்இடி உண்டு, விலை கூடுதல். மெனு அட்டையைப் படிக்கச் செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடிக்கும் விருந்தினர்களைக் கண்டால், அந்த விலையை மிச்சம் பிடித்த இடம் என்று புரிந்துகொள்ளலாம்.

ஒலிதான் பிஸ்ட்ரோவின் பெரிய குறை. ஓடு, உலோகம், கண்ணாடி, கல்மேசை எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும் பரப்புகள். சத்தம் கூடினால் மனிதர்கள் அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் விளக்கினார். ஒரு மேசை உயர்த்த, அடுத்த மேசை உயர்த்த, அரை மணி நேரத்தில் அறையே கத்தும். பாரிஸின் சிறு கடையில் இருபது பேர் எழுப்பும் இரைச்சல் உற்சாகம். அதே பொருள்களை ஓட்டலின் 120 இருக்கைக் கூடத்தில், இரண்டு மாடி உயரக் கூரையின் கீழ் போட்டால் அது தண்டனை. தீர்வுகள் கண்ணில் படாதவை. கூரையில் துளைப்பலகைக்குப் பின்னால் ஒலியுறிஞ்சும் பஞ்சு, மேசையின் அடிப்பகுதியில் கம்பளித்துண்டு, சன்னலில் கனத்த திரை, இருக்கையின் முதுகில் தடித்த மெத்தை. புகைப்படத்தில் தெரியாத செலவு என்பதால் பட்ஜெட் வெட்டும்போது முதலில் வெட்டப்படுவது இதுவே. காது மந்தமாகத் தொடங்கிய வயதில் உள்ளவர்களை இந்த வெட்டு அப்படியே வெளியே அனுப்பிவிடுகிறது. அவர்கள் புகார் செய்வதில்லை, வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

யாரை உள்ளே விடுவது என்பதும் வடிவமைப்பின் வரலாற்றில் சேர்ந்தது. நியூயார்க் பிளாசா ஓட்டலின் ஓக் ரூம், வார நாள்களின் மதிய வேளையில் ஆண்களுக்கு மட்டுமே என்றிருந்தது. 1969 பிப்ரவரியில் பெண்ணுரிமைப் போராளி பெட்டி ஃப்ரீடனும் தோழிகளும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். பணியாளர்கள் அவர்கள் முன்னிருந்த மேசையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சில மாதங்களில் அந்த விதி மாறியது. விதி மாறினாலும் அந்த விதிக்காகக் கட்டிய அறைகள் மாறவில்லை. இருண்ட மரம், மான்கொம்பு, ஆழமான தோல் சோபா, வெளியிலிருந்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாத கதவு. உள்ளே பார்க்க முடியாத அறைக்குள் தனியாகப் போகப் பெண்கள் தயங்குவதில் வியப்பில்லை. லாபியிலிருந்து கவுண்டர் கண்ணுக்குத் தெரிவது, கழிப்பறைக்குப் போகும் வழி வெளிச்சமாகவும் பணியாளர் பார்வையிலும் இருப்பது, சுவரைப் பார்த்த மூலையில் அடைபடாத ஒற்றை மேசைகள் சில இருப்பது ஆகியவை பலகையில் எழுதி மாட்டும் எந்த வரவேற்பையும்விட உறுதியானவை. தமிழ்நாட்டில் நட்சத்திர ஓட்டல் பாருக்கும் அரசு மதுக்கடையை ஒட்டிய கூடத்துக்கும் இடையே உள்ள தூரத்தையும் இதே அளவுகோலால் அளக்கலாம். ஒன்றில் மனிதர் உட்கார்வதற்காக எல்லாம் யோசிக்கப்படுகிறது. மற்றதில் காற்று, கழிப்பறை, கழுவிய தரை எதையுமே யாரும் யோசிப்பதில்லை. குடிப்பதை எதிர்ப்பவர்களும் இந்த இரண்டாவது இடத்தின் அவலத்தை எதிர்க்கலாம். மனிதரை இழிவாக நடத்தும் அறை யாரையும் குடியிலிருந்து மீட்டதில்லை.

ஓட்டல் பார்களில் நினைவில் நிற்பவை பெரும்பாலும் ஒரே கலைஞரின் கையைத் தாங்கியவை. நியூயார்க்கின் கார்லைல் ஓட்டலில் 1947இல் லுட்விக் பெமல்மன்ஸ் சுவர் முழுக்க சென்ட்ரல் பார்க்கின் நான்கு பருவங்களை வரைந்தார். குழந்தைகளுக்கான மேட்லின் கதைகளை எழுதியவர். கூலியாகப் பணம் வாங்கவில்லை. குடும்பத்தோடு ஒன்றரை ஆண்டு அந்த ஓட்டலில் தங்கிக்கொண்டார். முயல்கள் நடைபயிலும் அந்தச் சுவரின் முன் தனியாக உட்கார்ந்தவருக்குப் பார்க்க எப்போதும் ஏதோ மிச்சமிருக்கும். கோபன்ஹேகனில் 1960இல் திறந்த எஸ்ஏஎஸ் ராயல் ஓட்டலுக்கு ஆர்னே யாகப்சன் கட்டடம் முதல் கரண்டிவரை தாமே வடிவமைத்தார். முட்டை நாற்காலி, அன்ன நாற்காலி இரண்டும் அதற்காகப் பிறந்தவை. முட்டை நாற்காலியின் உயர்ந்த முதுகும் வளைந்த காதுகளும், திறந்த கூடத்தின் நடுவே ஒருவருக்குத் தனியறை தருகின்றன. லூஸின் மரத்தடுப்பு செய்ததை இங்கே ஒரு நாற்காலி செய்கிறது.

சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஓட்டலுக்கு வரும்போது தமிழ் வாசகர் சற்று நிற்க வேண்டியிருக்கும். 1887இல் ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள் தொடங்கிய ஓட்டல் அது. அதன் லாங் பாரில்தான் 1915இல் ஹைனான் சீனரான ஞியாம் தோங் பூன் சிங்கப்பூர் ஸ்லிங் என்ற கலவையை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. இன்றைய லாங் பாரின் அலங்காரம் 1920களின் மலாயாத் தோட்ட வாழ்க்கையை நினைவூட்டுவதற்காக அமைக்கப்பட்டது. இருண்ட மரம், பிரம்பு, கூரையில் வரிசையாக அசையும் ஓலை விசிறிகள், மேசைதோறும் வேர்க்கடலை. தோலை உரித்துத் தரையில் போடலாம். குப்பை போட்டால் அபராதம் விதிக்கும் நகரில் அதற்கு இங்கே மட்டும் அனுமதி.

வடிவமைப்பு என்ற அளவில் அந்த அறை வேலை செய்கிறது. நீண்ட கவுண்டர், தலைக்கு மேலே மெல்லிய அசைவு, கைக்கு ஒரு வேலையாகக் கடலை. தனியாக வந்தவர் தடுமாறுவதில்லை. ஆனால் அது நினைவூட்டும் தோட்டத்தில் இருந்தவர்கள் துரைமார் மட்டுமல்ல. தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணியோடு கப்பலேறிப் போனவர்கள்தான் அந்த ரப்பர் மரங்களைச் சீவிப் பாலெடுத்தார்கள். விடியும் முன் வருகைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றார்கள். உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடை செய்யும்வரை அந்தப் போக்கு நின்றும் தொடர்ந்தும் நடந்தது. அவர்களுக்கும் குடிக்கும் இடம் ஒன்று தோட்டத்தில் இருந்தது: கள்ளுக்கடை. கூலியில் கணிசமான பகுதியை அது விழுங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாயாவின் கெடாவில் தொண்டர் படையினர் அதை எதிர்த்துத் திரண்டார்கள். அந்தக் கள்ளுக்கடையின் தகரக்கூரையை எந்த ஓட்டலும் அலங்காரமாக்காது, ஆக்கவும் கூடாது. ஆனால் தோட்டத்தைப் பின்னணியாக வைத்து ஓர் அறையைக் கட்டும்போது, துரையின் நாற்காலியை வைத்துவிட்டு மரம் சீவியவரின் சுவடே இல்லாமல் செய்வது அழகியல் முடிவு மட்டுமல்ல. ஓலை விசிறியும் அப்படியே. மின்சாரம் வருவதற்கு முன் விசிறி ஒருவர் கயிறு பிடித்து இழுத்தால்தான் அசையும். இப்போது மோட்டார் அசைக்கிறது. இழுத்தவரின் கை வெப்பநாட்டு ஓட்டல்களின் அலங்கார வரலாற்றிலிருந்து முழுக்க மறைந்துவிட்டது. ஒரு சுவரில் பால்மரம் சீவும் பெண்ணின் புகைப்படமோ, அந்தக் கையைப் பற்றிய நான்கு வரியோ இருந்தால் அங்கே குடிப்பவருக்கு மது கசந்துவிடாது.

வெப்பநாட்டில் பாரின் இயல்பான இடம் தாழ்வாரம். கொழும்பில் 1864இல் தொடங்கிய கால் ஃபேஸ் ஓட்டலில் கடலைப் பார்த்த தாழ்வாரத்தில் உட்கார்பவருக்கு வடிவமைப்பாளர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. காற்று இருக்கிறது, தொடுவானம் இருக்கிறது, தூண்கள் இடைவெளிவிட்டு நின்று ஒவ்வொரு மேசைக்கும் ஓர் எல்லை வகுக்கின்றன. ஏ.சி. வந்ததும் பார் உள்ளே ஒடுங்கியது. சன்னல் அடைபட்டது, வியன்னாவின் குளிருக்குப் பிறந்த இருண்ட மரமும் வெல்வெட்டும் சென்னைக்கு வந்தன. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பித்தளை கறுக்கிறது, தோல் பூசணம் பிடிக்கிறது, ஒட்டுப்பலகையின் ஓரம் பிளக்கிறது. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா இதற்கு வேறு வழி காட்டினார். 1969இல் முடித்த பெந்தோட்டை பீச் ஓட்டலில் சுவரைக் குறைத்து முற்றத்தையும் நீரையும் உள்ளே கொண்டுவந்தார். வரவேற்புக் கூடத்தின் கூரையை ஈனா டி சில்வாவின் பத்திக் துணிகள் நிறைத்தன. துணி நிறத்தையும் தந்தது, ஒலியையும் உறிஞ்சியது. 1970களில் பாவா சென்னையின் கன்னிமரா ஓட்டலைப் புதுப்பித்ததும் மதுரையில் மதுரா கோட்ஸ் ஆலைக்காக மதுரை கிளப்பைக் கட்டியதும் இங்கே பலருக்குத் தெரியாது. பழைய கட்டடங்களின் தூண்களையும் கதவுகளையும் எடுத்துவந்து, காட்சிக்கு வைக்காமல் பாரம் தாங்கவைத்த கட்டடம் அந்தக் கிளப். சென்னையில் இன்று திறக்கப்படும் ஓட்டல் பிஸ்ட்ரோக்கள் பாரிஸ் ஓட்டுத்தரைக்குப் பதில் ஆத்தங்குடிக் கல்லைப் பதிக்கின்றன. நல்ல தொடக்கம்தான். ஆனால் தரை மட்டும் செட்டிநாடாகவும், அடைத்த சன்னலும் பதினெட்டு டிகிரிக் குளிரும் அப்படியே தொடர்வதாகவும் இருந்தால், ஊர் காலடியில் மட்டும் இருக்கும்.

கடைசியாக ஒன்று. டோக்கியோவில் ஃபிராங்க் லாய்ட் ரைட் கட்டி 1923இல் திறந்த இம்பீரியல் ஓட்டல் 1968இல் இடிக்கப்பட்டது. ஆனால் இன்றைய ஓட்டலின் ஓல்டு இம்பீரியல் பாரில் அந்தப் பழைய கட்டடத்தின் ஓயாக் கல்லும் சுடுமண் துண்டுகளும் சுவரோவியமும் இருக்கின்றன. அதே நகரில் யோஷிரோ தனிகுச்சி 1962இல் அமைத்த ஓகுரா ஓட்டல் லாபி, உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தும் 2015இல் இடிக்கப்பட்டது. அவருடைய மகன் யோஷியோ தனிகுச்சியின் பொறுப்பில், விளக்குகளும் மேசைகளும் அதே அமைப்பில் வர, 2019இல் புதிய கட்டடத்துக்குள் மீண்டும் எழுந்தது. பழைய அறையின் ஒவ்வோர் அளவும் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. நம் ஓட்டல்களில் பார்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுசாகப் பெயர்த்தெறியப்படுகின்றன. 1933இலிருந்து பெயர் தொடரும் மும்பை தாஜ் ஓட்டலின் ஹார்பர் பார் போன்றவை விதிவிலக்கு. அங்கேயும் தொடர்வது பெயரும் இடமுமே, உள்ளிருப்பவை பலமுறை மாறிவிட்டன. ஓர் அறையைப் பெயர்ப்பதற்கு முன் அதன் கவுண்டர் உயரம், இருக்கை ஆழம், விளக்கு இருந்த இடம், கூரையின் கட்டுமானம் ஆகியவற்றை அளந்து வரைந்துவைப்பது ஒரு சில நாள் வேலை. சென்னையிலும் மதுரையிலும் கட்டடக் கலை படிக்கும் மாணவர்கள் கோயில் மண்டபங்களையும் செட்டிநாட்டு வீடுகளையும் இப்படி அளந்து வரைகிறார்கள். ஓட்டல் நிர்வாகங்கள் கதவைத் திறந்துவிட்டால், கன்னிமராவிலிருந்தே அவர்கள் தொடங்கலாம்.